ஆடி பிறக்குமுன் மாற்றிய மெயில்

மெயிலுக்கு நல்ல நேரம் பார்த்த ஊர் வேறு இருக்கிறதோ என்னவோ, எங்கள் காஞ்சிபுரத்தில் பார்த்தார்கள். பார்த்தவர் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி. அதில் மாட்டிக்கொண்டு தவித்தவள் அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்த நதியா.

அது 2004. நதியாவுக்கு இருபத்து நாலு வயது. திருப்புட்குழிப் பக்கம் ஒரு காலனியிலிருந்து பஸ் ஏறி வருவாள். மாமியார் மரியம்மாள் ஊரார் நிலத்தில் நாற்று நட்டே முதுகு வளைந்தவள். அந்தத் தெருவில் காலில் சேறு படாமல் சம்பளம் வாங்கிய முதல் பெண்பிள்ளை நதியாதான். மலேசியாவுக்கும் லண்டனுக்கும் புடவைப் படம் அனுப்புவது, வரும் மெயிலுக்குப் பதில் போடுவது அவள் வேலை. கடைப் பெயரோடு அவள் பெயரும் சேர்ந்து ஒரு மெயில் முகவரி அவளுக்கும் இருந்தது. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

புருஷன் விஷால் அந்த முகவரிக்குத்தான் துபாயிலிருந்து எழுதுவான். கல்யாணமான எட்டாம் மாதம் ஏ.சி. மெக்கானிக்காகப் போனவன். வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. அன்றைக்கு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, அறையில் கூட இருந்த மலையாளத்துக்காரன் ஷாஜியின் மெயிலிலிருந்து இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவான். கடை போனில் ஒரு தரம் கூப்பிட்டான். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில், இனிமேல் இங்கே பேசாதே என்று அவளே சொல்லிவிட்டாள். காலனியில் இருந்த ஒரே போன் அன்னம்மாள் வீட்டில். ரோடு தோண்டினவர்கள் கேபிளை வெட்டிப் போட்டதில் அது ஒரு மாதமாக ஊமையாகக் கிடந்தது.

அந்த ஜூலையில் விஷால் எழுதினான்: "ரெண்டு வருசம் முடிஞ்சிடுச்சி. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து போடறியா, ஊருக்குப் போறியான்னு கேக்கறாங்க. அடுத்த வாரம் சனிக்கிழமை சொல்லணும். நீ என்ன சொல்றியோ அதான். முந்தின நாள் வெள்ளிக்கிழமை வந்து மெயில் பாக்கறேன்."

வந்துவிட வேண்டும் என்பதுதான் நதியாவின் மனசு. மாமியாருக்கோ ஒழுகுகிற கூரை கண்ணை உறுத்தியது. நாலு நாள் வீட்டில் பேச்சுவார்த்தையே சரியில்லை. புதன்கிழமை ராத்திரி மரியம்மாள் தானே இறங்கி வந்தாள். "வரச் சொல்லிடும்மா. கூரைய அப்புறம் பாத்துக்கலாம். புள்ள மூஞ்சியப் பாத்து ரெண்டு வருசம் ஆவுது."

'வந்துடு' என்று ஒரு வார்த்தை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். வியாழக்கிழமை அதற்காகவே அரைமணி முன்னதாகக் கடைக்கு வந்தாள். அவளுக்கும் முன்னால் வந்து காலண்டர் முன் நின்றுகொண்டிருந்தார் முதலாளி.

"நாளைக்கு ஆடி பொறந்துடுதும்மா. ஆடில புதுசா எதையும் ஆரம்பிக்க முடியாது. வெப்சைட்டு, மெயிலு எல்லாத்தையும் இன்னிக்கே நாம பேசி வச்ச புது இன்டர்நெட் கம்பெனிக்கு மாத்திடு. பத்தே முக்கால்லருந்து ஒரு மணி நேரம் நல்ல நேரம்."

நதியா வேதக்கார வீட்டுப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளுக்கு ஆனியும் ஒன்றுதான், ஆடியும் ஒன்றுதான். "பழசையும் ரெண்டு நாள் வச்சிருக்கணும் சார். எடம் மாறிட்ட விஷயம் எல்லா ஊர் கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேர ரெண்டு நாள் ஆவும். அதுவரைக்கும் மெயிலு பழைய எடத்துக்கே போவும்" என்றாள்.

"அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல இத முடி."

டயல்-அப் லைன் நத்தையாக நகர்ந்தது. முதலாளி, அவருடைய இரண்டு பையன்கள், ஆர்டர் வரும் முகவரி என்று ஒவ்வொன்றாகப் பழைய மெயில்களை இறக்கிக்கொண்டு புது இடத்தில் கணக்குத் தொடங்கினாள். வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்டுப் பழகியவள் இல்லையா, தன்னுடையதைக் கடைசிக்கு வைத்தாள். அதற்குள் நல்ல நேரம் முடிந்தது. "போதும், பேங்குக்குப் போயிட்டு வாம்மா" என்றார் முதலாளி. ஒரு வார்த்தைதானே, வந்து எழுதிக்கொள்ளலாம் என்று கிளம்பினாள். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது, அவளைச் சொல்லி என்ன பயன்.

திரும்பி வந்து பார்த்தால் பழைய மெயில் திறக்கவில்லை.

"நான்தான் பழைய கம்பெனிக்குப் போன் பண்ணி மூடச் சொல்லிட்டேன்" என்றார் முதலாளி, பெருமையாக. "புது வூட்ல பால் காய்ச்சினப்புறம் பழைய வூட்ல இன்னாத்துக்குச் சாமான்? சுத்தமா அழிச்சிடச் சொல்லிட்டேன்."

விஷாலின் மெயில்கள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. ஷாஜியின் முகவரியும் அங்கேதான். அதை அவள் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. பதில் பட்டனை அழுத்துவாள், எழுதுவாள், போய்விடும். ஷாஜி என்ற பெயருக்குப் பின்னால் ஏதோ நம்பர் வரும், அது மட்டும்தான் ஞாபகம்.

புது இடத்தில் தன் பழைய முகவரியிலேயே கணக்குத் தொடங்கி, தோன்றிய நம்பரையெல்லாம் போட்டு அடித்தாள். ஷாஜி 77, ஷாஜி 78, ஷாஜி 2002. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் நாற்பது மெயில். முப்பத்தேழு திரும்பி வந்தன. மிச்சம் மூன்றும் எந்த ஊர் ஷாஜிகளுக்கு 'வந்துடு' என்று போய்ச் சேர்ந்தனவோ. எஸ்.டி.டி. பூத்திலிருந்து, விஷால் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் நம்பரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இப்போது பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து என் மெயிலைத் தேடிக்கொண்டிருப்பான் என்று நினைத்தபோது பூத்திலேயே அழுகை வந்துவிட்டது.

கடைக்கு வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மனுஷன் ஆடிப்போய்விட்டார். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?" என்று பழைய கம்பெனிக்கு அவரே போன் போட்டுக் கத்தினார், பிறகு கெஞ்சினார். அழித்தது அழித்ததுதான் என்றார்கள். கேம்ப்புக்கு மறுபடி அடித்தும் யாரும் எடுக்காமலே சனிக்கிழமை போயிற்று.

அதற்கு அடுத்த சனிக்கிழமை மெயிலைத் திறந்தால் ஷாஜியின் பெயர் இருந்தது. ஷாஜி 1973. எழுபத்து மூன்றை அவள் போட்டே பார்க்கவில்லை.

"உன் பதில் இல்ல. போன வெள்ளிக்கிழமை நானே மறுபடி மெயில் போட்டேன். இந்தப் பேர்ல இங்க யாருமே இல்லன்னு திரும்பி வந்துடுச்சி. நீ கோவமா இருக்கியா, என்னா ஆச்சின்னு தெரியல. எனக்கு என்ன பண்றதுன்னு புரியல நதியா. கையெழுத்து போட்டுட்டேன். பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கினாங்க. 2006 ஜூலைல வரேன். அம்மாவப் பாத்துக்கோ."

பதில் பட்டனை அழுத்தினாள். 'வந்துடு' என்று அடித்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 'சரி, உடம்பப் பாத்துக்கோ' என்று அடித்து அனுப்பினாள்.

உள்ளேயிருந்து முதலாளி கேட்டார். "இன்னாம்மா, மெயில்லாம் இப்ப சரியா வருதா?"

"வருது சார்" என்றாள் நதியா.