ஏலாது என்று எழுதியவன்

அந்தக் குளத்து இறால்களைக் கொன்றவன் நான்தான். சபியா அல்ல.

முந்தலில் ஓர் இறால் பண்ணை. குளத்து நீரில் ஒட்சிசன் எவ்வளவு என்று ஒரு கருவி அளந்து, கணினியில் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அதை வாசித்து, ஒட்சிசன் குறைந்தால் மணி அடிக்கும் ஷெல் ஸ்கிரிப்டை, அதாவது சிறு கணினி நிரலை, எழுதியவன் நான். கோப்பை வாசிக்க முடியாமற்போனால் கணினி தானாகவே காரணம் சொல்லும். எனக்கோ அது வெறும் அலட்டலாகத் தெரிந்தது. அந்தக் காரணம் திரைக்கு வராதபடி அதன் வாயை அடைத்துவிட்டு, பகிடிக்கு ஒரே ஒரு சொல்லைத் திரையில் வர வைத்தேன்... "ஏலாது!"

எது ஏலாது? ஏன் ஏலாது? நீங்கள் கேட்கிறீர்கள்... நான் கேட்கவில்லையே!

கோப்பு இல்லாவிட்டாலும் ஏலாது. வட்டில் இடம் இல்லாவிட்டாலும் ஏலாது. பண்ணையில் திரையைக் கவனிப்பது சபியாவின் வேலை. ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோல் எடுத்தாள். அது சும்மா கத்தும், மூடிவிடுங்க தங்கச்சி என்று பழக்கியவனும் நான்தான்.

ஒருநாள் காலை அந்தக் கோப்பை வேறொரு பயனர் பெயருக்கு மாற்றினேன். ஸ்கிரிப்டுக்கு அதை வாசிக்கும் அனுமதி போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. மத்தியானம் ஒரே மந்தாரம், காற்றுத் துளியும் இல்லை; அப்படியான வேளையில் குளத்தில் ஒட்சிசன் இறங்கும். திரையில் ஏலாது என்று வந்திருக்கிறது. சபியா மூடியிருக்கிறாள். மணி அடிக்கவேயில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது குளம் முழுக்க இறால்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. தண்ணீர் கொதிப்பதுபோல இருந்தது. யா அல்லாஹ்... இத்தனை உயிர்களா இந்தக் குளத்துக்குள்! நீருக்குக் காற்றூட்டும் சக்கரங்களைச் சுழற்றித் தண்ணீரைக் கலக்கியும் பிரயோசனம் இல்லை.

ஸ்கிரிப்டுக்கு நான் போட்ட வாயடைப்பை எடுத்துவிட்டு அதை மறுபடி ஓட்டினேன். ஒரே ஒரு வரி வந்தது. இன்ன கோப்பு, இன்ன இடம், வாசிக்க அனுமதி இல்லை. எனக்கு மயிர் கூச்செறிந்தது! உயிரில்லாத ஒரு மெசின், கேட்க ஆளில்லாத போதும், ஒவ்வொரு முறையும் உண்மையை முழுதாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது...

முதலாளி சபியாவை வேலையிலிருந்து நிற்பாட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

இப்போது என் ஸ்கிரிப்ட் கோப்பின் பெயரையும் காரணத்தையும் அடுத்துச் செய்யவேண்டியதையும் நல்ல தமிழில் சொல்கிறது. மற்றப் பண்ணைக்காரரும் கேட்டு வாங்குகிறார்கள். அந்த வரி திரையில் வரும்போதெல்லாம் இன்னும் வியந்துபோய் நிற்கிறேன்.

போன கிழமை முந்தல் சந்தியில் சபியா பஸ்ஸுக்கு நின்றாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானா என்றே கூப்பிட்டாள்.

"நானா, அண்டைக்கு அந்த மெசின் உண்மையில என்ன சொல்ல வந்திச்சு?"

எந்தக் கோப்பு, என்ன காரணம், யார் செய்த வேலை... எல்லாம் நாக்கு நுனியில் நின்றன.

"தெரியா தங்கச்சி."

சரி நானா என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள். இந்த முறையும் நான் சொன்னதை நம்பிவிட்டாள்...