ரன்னிமீட் புல்வெளியில் அம்மா

பொஸ்டனிலிருந்து பெரியப்பா திடீரென்று வந்திறங்கிய வாரம், எங்கள் ஹவுன்ஸ்லோ வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். பெரியப்பா அம்மாவின் அக்காவைக் கட்டியவர். அங்கே ஒரு கல்லூரியில் அமெரிக்க அரசியலமைப்பின் வரலாற்றைப் படிப்பித்தார். வரும்போதெல்லாம் சொக்லட் கொண்டுவருபவர் அந்த முறை வெறுங்கையோடு வந்தார். எட்டு வயதில் எனக்கு அதுதான் பெரிய துக்கம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அம்மாவின் ஒரே தம்பியை, என் மாமாவை, ஊரில் இராணுவம் பிடித்துக்கொண்டு போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. என்ன குற்றம் என்று சொல்லவில்லை. எந்தக் கோர்ட்டிலும் நிறுத்தவில்லை. அங்கே அதற்குச் சட்டமே இடம் கொடுத்தது. கொழும்பில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, அவரோடு அடிக்கடி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர் பெரியப்பாதான். அந்த விஷயத்தில் அம்மா வேறு யார் சொல்லையும் நம்பமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பொரு மன்னர் வந்த இடம், ரன்னிமீட் வரை போய்வருவோம் என்றார் பெரியப்பா. இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் மத்தியானம் வரை எழும்பாத அப்பா உடனே கார்த் திறப்பை எடுத்தார். அம்மா இடியப்பமும் சம்பலும் கட்டினார்.

மன்னர் வந்த இடம் என்றதும் நான் ஒரு கோட்டையை எதிர்பார்த்திருந்தேன். தேம்ஸ் கரையில் ஈரப் புல்வெளி ஒன்றும் சில மாடுகளும்தான் இருந்தன. சரிவில், அமெரிக்க வழக்கறிஞர்கள் கட்டிய சின்ன மண்டபத்தின் முன்னால் நின்று பெரியப்பா பேசத் தொடங்கினார். பிரபுக்கள் ஜோன் மன்னரை இந்த வெளிக்கு வரவழைத்து, மாக்னா கார்ட்டா என்ற சாசனத்தில் முத்திரை இட வைத்தார்களாம். சட்டப்படி தீர்ப்பில்லாமல் எந்தச் சுதந்திர மனிதனையும் பிடித்து அடைக்கக்கூடாது என்று அதில் இருந்ததாம். பிரபுக்கள் ஒன்றும் நல்லவர்கள் இல்லை, தங்களைக் காப்பாற்றத்தான் அதைக் கேட்டார்கள் என்றும் சொன்னார். கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகள், அந்த உரிமை தங்களுக்கும் உண்டென்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு இன்னொரு மன்னரோடு மல்லுக்கட்டியதையும், பிறகு அதைத் தங்கள் அரசியலமைப்பிலேயே சேர்த்ததையும் சொன்னார். முடித்தவர் மீண்டும் பிரபுக்களின் கதையையே முதலிலிருந்து தொடங்கினார். அப்பா தன் காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஐஸ்கிரீம் கேட்டு ஏச்சு வாங்கினேன்.

அம்மாதான் இடையில் புகுந்தார்.

"என்ர தம்பியையும் ஒரு நீதவானுக்கு முன்னால கொண்டுவந்து நிப்பாட்டுவினமோ, அத்தான்?"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"இனி அது தேவையில்லை, பிள்ளை."

அம்மா அப்படியே ஈரப் புல்லில் குந்தி இருந்துவிட்டார். பெரியப்பாவும் தன் நல்ல கோட்டோடு பக்கத்தில் இருந்தார். அப்பா என் கையைப் பிடித்து வீதிக்குக் கூட்டிப்போய், அங்கே நின்ற ஐஸ்கிரீம் வான்காரரிடம் இருந்ததிலேயே பெரியதை வாங்கித் தந்தார். திரும்பி வந்தபோது அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. இடியப்பப் பொதியை யாரும் அவிழ்க்கவில்லை.

மாமா தடுப்புக்காவலில் இறந்துபோன செய்தி முதலில் பெரியப்பாவுக்குத்தான் எட்டியது என்பதும், அதைத் தொலைபேசியில் சொல்ல மனம் வராமல் அவர் விமானம் ஏறினார் என்பதும், வீட்டுக்குள் மூன்று நாள் வாய் வராமல்தான் அங்கே கூட்டிப்போனார் என்பதும் நான் வளர்ந்த பிறகு அப்பா சொல்லித் தெரிந்தவை. அன்றைக்கு எனக்கு விளங்கியது வேறு. பெரியப்பாவின் கதையைக் கேட்டுத்தான் அம்மா அழுதார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் அதைச் சொன்னேன். மாக்னா கார்ட்டாவுக்காக அழுத ஒருவரைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று ரீச்சர் நெகிழ்ந்துபோய், எல்லோரையும் எனக்காகக் கைதட்ட வைத்தார். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தவர், ஈரக் கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"ஓம் குஞ்சு," என்றார். "அது நல்ல சட்டம்."

சட்டை நனைகிறதே என்று நான் நெளிந்தேன். அவர் விடவில்லை.