பத்தாவது ஊசி

அன்று காலை அந்த ஊசி அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சந்தேகம் வரக்கூடாது. உகாண்டாவில், கம்பாலாவில் மகளின் பிரசவத்துக்குப் போகிற ஒரு குஜராத்தித் தம்பதி. தான்சானியாவில் போர்வெல் போடப் போகிற திருச்செங்கோட்டுக்காரர்கள் மூன்று பேர். கப்பலில் வேலை செய்யும் பிகார்க்காரர்கள் மூன்று பேர். அப்புறம் நான், ஏழுமலை. மொத்தம் ஒன்பது பேர். ஊசி போடும் மலையாளி சிஸ்டர் தனிக் கணக்கு. வராதவன் ஒருவன்தான், என் அறை நண்பன் கதிரேசன். அவன் வரவில்லை என்பதற்கு ஒரு வங்கிக் கிளையே சாட்சி.

பேய், பிசாசு, காத்து கருப்பு எதையும் நான் நம்பியவன் இல்லை. வீரம் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அப்பா அம்மா இரண்டு பேரும் கைநாட்டு, ரேஷன் கார்டிலிருந்து நிலப் பத்திரம் வரை எட்டாம் வகுப்பிலிருந்தே நான்தான் எழுதினேன். அதனாலோ என்னவோ பதிவேட்டில் இருந்தால் அது நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவில்லை என்றுதான் என் புத்தி போகும். எந்தப் பிசாசும் எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நான் எல்.டி.சி., அதாவது கடைசிப் படியில் இருக்கிற குமாஸ்தா. அதிகாரிகள் மாநாட்டுக்கு நைரோபி போகிற உத்தரவுகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. போய் வருகிற ஒவ்வொருவரும் மரத்தில் செய்த ஒட்டகச்சிவிங்கி ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் நிறுத்துவார்கள். ஏழாவது ஒட்டகச்சிவிங்கி வந்த அன்று, இதை நேரில் பார்த்தே ஆவது என்று முடிவு செய்தேன். மூன்று வருடம் சேர்த்தேன்.

தனி ஆளாகப் போவதில்தான் சங்கடம். மயூர் விஹாரில் நாங்கள் குடியிருந்த மொட்டைமாடி அறைக்குக் கீழே ஒரு சைபர் கஃபே, மணிக்கு இருபது ரூபாய். அங்கே உட்கார்ந்து கென்யாவில் இருக்கிற சஃபாரி கம்பெனிகளுக்கெல்லாம் ஈமெயில் போட்டேன், எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, எத்தனை பேர். ஒருவர் என்றால் வண்டி வாடகை முழுவதும் அந்த ஒருவர் தலையில். கூடாரம் இரண்டு பேருக்கானது, அதில் ஒருவர் படுத்தால் காலியாக இருக்கிற பாதிக்கும் பணம். கடைசியில் ஒரு சின்னக் கம்பெனிக்காரர், நான்கு வெள்ளைக்காரர்கள் போகிற வேனில் ஒரு சீட் இருக்கிறது, நான்கு நாள் மசாய் மாரா சரணாலயம், ராத்திரி சமையல்காரர் கூடாரத்தில் படுத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். குறட்டை விடுவாரா என்றுகூடக் கேட்காமல் சம்மதம் என்று எழுதினேன்.

வெளிநாடு போக அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். படிவத்தில் ‘பயணத்தின் நோக்கம்’ என்ற இடத்தில் ‘மிருகங்களைப் பார்த்தல்’ என்று எழுதியிருந்தேன். எங்கள் செக்‌ஷன் ஆபீசர் தட்சிணாமூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏம்ப்பா ஏழுமலை, மிருகம் பாக்கணும்னா இங்கயே ஜூ இருக்கே. பஸ்ல போயிட்டு மத்தியானம் ஆபீசுக்கே வந்துடலாம்.”

“அது கூண்டுல இருக்கு சார்.”

“நாம மட்டும் எங்க இருக்கோம்? டூரிஸம்னு மாத்தி எழுதிக் குடு. இப்படியே மேல அனுப்பினா என்னையும் சேத்துச் சிரிப்பா.”

அனுமதி வந்தது, பஹாட்கஞ்சில் ஒரு ஏஜென்டிடம் டிக்கெட்டும் வாங்கினேன், இருந்ததிலேயே மலிவு, அதனால் ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. சஃபாரிக்காரருக்கும் முழுப் பணம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஏஜென்ட் சாவகாசமாகச் சொன்னார், மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு அட்டை வாங்க வேண்டும், ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அட்டை செல்லும் என்று. விமானத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஊசி போடுவதோ வாரத்தில் இரண்டே நாள். மறுநாள் போட்டால் உண்டு, தவறினால் அடுத்த முறைக்குள் கெடு தாண்டிவிடும், மூன்று வருடச் சேமிப்பு மொத்தமும் போகும்.

மறுநாள் காலை எட்டரைக்கே தெற்கு டெல்லியில் ஊசி போடுகிற அந்த இடத்துக்குப் போய்விட்டேன். ஜனவரி மாதம், எதிரே வருகிறவர் முகம் தெரியாத மூடுபனி. பதினொரு மணி வரை உட்கார்ந்தும் ஊசி போடுகிற வழியைக் காணோம். சிஸ்டரிடம் கேட்டேன்.

“பத்தாளு வேணும் மோனே,” என்றார். “ஒரு குப்பியில பத்து பேருக்கு மருந்து. திறந்தா ஒரு மணி நேரம்தான், பின்ன கொட்டணும். மருந்து தட்டுப்பாடு. ஒம்பது பேருக்குத் திறந்தா ஒண்ணு எங்கே போச்சுன்னு நான் எழுதிக் கொடுக்கணும்.”

“ரெண்டு பேருக்கு மருந்து எனக்கே போட்டுடுங்க சிஸ்டர்.”

“ஆப்பிரிக்கா போக வேண்டாம், நேரே மேலே போகலாம்,” என்றார் சிரிக்காமல். “பதினொன்றரை வரைக்கும் பார்ப்பேன். அதுகழிஞ்சு பூட்டும்.”

வெளியே ஓடிப்போய் ஒரு பூத்திலிருந்து கதிரேசனின் வங்கிக்கு போன் செய்தேன். அவன் மதுரைக்காரன், புசா ரோடு பக்கத்தில் ஒரு கிளையில் வேலை, செக்கில் இருக்கிற கையெழுத்தும் வங்கியில் இருக்கிற மாதிரிக் கையெழுத்தும் ஒன்றா என்று நாள் முழுக்கப் பார்ப்பான். ஒரு வருடத்துக்கு முன் எனக்குப் பாஸ்போர்ட் படிவம் நிரப்பியபோது ஆசையில் அவனுக்கும் சேர்த்து நிரப்பி வாங்கிக் கொடுத்திருந்தேன், அதை இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டியவன் அப்புறம் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“மாப்ள, ஒரே ஒரு ஊசி. ஆட்டோ காசு நான் தரேன்.”

“ஊசின்னா எனக்குக் கண்ணு இருட்டிரும்னு தெரியும்ல? நீ சிங்கம் பாக்குறதுக்கு என் கையில ஓட்டையா? நாப்பது செக்கு கெடக்கு, எதுத்தாப்புல மேனேஜர் உக்காந்து முறைக்கிறாரு. வைடா போன.”

வைத்துவிட்டான். பூத்தில் இருந்த கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. நான் உள்ளே வந்து, அடுத்து யார் காலில் விழலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பதினொன்றே காலுக்குக் கதவைத் திறந்துகொண்டு கதிரேசன் வந்தான்.

புசா ரோட்டிலிருந்து அங்கே பத்து நிமிடத்தில் ஹெலிகாப்டரில்தான் வர முடியும். அதெல்லாம் அப்போது யாருக்குத் தோன்றும், எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதே பழுப்பு ஸ்வெட்டர். எங்கள் எல்லோருடைய உடுப்பும் பனியில் ஈரமாக இருந்தது, அவனுடையது அயர்ன் செய்த மாதிரிக் காய்ந்திருந்தது. சிஸ்டர் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார். எடுத்து வரவில்லை என்று சொல்லிவிட்டு நம்பரை மட்டும் கடகடவென்று ஒப்பித்தான். அவருக்கும் குப்பியைத் திறந்தால் போதும் என்றிருந்தது, எழுதிக்கொண்டார்.

“எவிடெயா போறது?”

“போயிட்டு வந்தாச்சு சிஸ்டர்,” என்றான் கதிரேசன்.

எல்லோரும் சிரித்தோம். சிஸ்டரும் சிரித்துவிட்டுக் கென்யா என்று எழுதினார். ஆளுக்கு முந்நூறு ரூபாய், அவன் என்னைப் பார்த்தான், அவனுக்கும் நானே கட்டினேன். கையெழுத்துப் போட்டான். நம்பினால் நம்புங்கள், சோதனைக்கு ரத்தம் எடுப்பதற்கு முன்பே மயங்கி விழுந்தவன் அவன், அன்று ஊசி உள்ளே போவதைக் குனிந்து வேடிக்கை பார்த்தான்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்தான், நான் நன்றி சொன்னதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான். திருச்செங்கோட்டுக்காரர்களில் மூத்தவர் அவன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங் தம்பி, எங்கிருந்து வாறீங்க?” என்று அவனைக் கேட்டார். “இருவது வருசமா குழி போடறனுங்க, இந்தச் செம்மண்ணு டெல்லியில எங்கயும் பாக்கலீங்களே.”

அவன் குனிந்து ஷூவைப் பார்த்தான், ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்த மாதிரி எழுந்தான், அவனுடைய அட்டையை என் கையில் கொடுத்து “நீயே வச்சுக்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சிஸ்டர் இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று கத்தினார், திரும்பவில்லை.

சாயங்காலம் அரைக் கிலோ ஜிலேபி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏழு மணிக்கு வந்தவன் ஜிலேபியைப் பார்த்துவிட்டு, “என்னடா, பத்தாவது ஆளு கெடச்சுட்டானா? எந்த இளிச்சவாயன்?” என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவனும் சிரித்தான். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காகச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அட்டையைக் காட்டினேன். விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தான், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான், கையெழுத்தை அவர்கள் அப்படித்தான் சரிபார்ப்பார்களாம். பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து நம்பரை ஒப்பிட்டான். ஒரு எழுத்து மாறவில்லை.

“என் கையெழுத்துதான். செக்கா இருந்தா பாஸ் பண்ணிருவேன்,” என்றான். பிறகு குரல் மாறியது. “எங்கடா கத்துக்கிட்ட இத? எத்தன நாளா போட்டுப் பழகுன?”

நான் கள்ளக் கையெழுத்துப் போட்டதாக அவனும், அவன் நடிப்பதாக நானும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. நீங்களும் இப்போது நடிப்பு என்றுதான் நினைக்கிறீர்கள். நான் அவன் வங்கிக்கே போய் விசாரித்தேன். மேனேஜர் பஞ்சாபி. “எழுந்து போயிருந்தா நல்லா இருந்திருக்கும் பையா, காலைலேர்ந்து ஹீட்டரை அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். எனக்கு ஒரே குளிர்,” என்று ஹிந்தியில் சொன்னார். பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் அவன் பாஸ் செய்த பதினேழு செக்குகளையும் எடுத்துப் போட்டார். எல்லாவற்றிலும் அதே கையெழுத்து.

ஐந்தாம் நாள் கதிரேசனுக்குக் காய்ச்சல் வந்தது. இடது கை தூக்க முடியவில்லை. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் தோளுக்குக் கீழே சிவப்பாக ஒரு புள்ளி, சுற்றிலும் வீக்கம். எனக்கும் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு முறைப்படி மயக்கம் வந்தது.

எனக்கு இப்போது வேறு பயம். வராத ஆளைக் கணக்கில் சேர்த்துத் திறந்த குப்பி என்றால் என் அட்டையும் செல்லாதோ? அப்படியே விமானம் ஏறுவது எனக்கு ஒப்பவில்லை. சொல்லாமல் போனால் பொய் அட்டையோடு போன மாதிரி, சொன்னால் மூன்று வருடம் போச்சு. ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, காய்ச்சலோடு இருந்தவனையும் கம்பளியில் சுற்றி இழுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கதிரேசனைப் பார்த்து, “ஆஹா, அரை மணி நேரம் இருக்காம ஓடின ஆளல்லே, காய்ச்சல் வந்தோ? வரும், ரெண்டு நாள்ல போகும்,” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். பதிவேட்டைத் திறந்து விரலால் எண்ணினார். “பத்து பேர், பத்து ஒப்பு, பத்து சிரிஞ்சு, மூவாயிரம் ரூபாய். என் கணக்கு சரி. உங்க கணக்கு எனக்கு அறியாது,” என்று மூடிவிட்டார். பதிவேட்டில் இருக்கிறதே என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பதிவேட்டைப் பார்த்து உடம்பு சிலிர்த்தது அன்றுதான்.

போய் வந்தேன். யானை, சிங்கம், வரிக்குதிரை எல்லாம் பார்த்தேன், சமையல்காரர் குறட்டையும் கேட்டேன். ஒட்டகச்சிவிங்கி மரத்தில் செய்ததைவிட அழகு, அது வேறு கதை. திரும்பி வந்து போட்டோக்களைக் கட்டிலில் பரப்பினேன். கதிரேசன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஒன்றில் நின்றுவிட்டான். வழியில் வேன் பஞ்சரான இடம், ஒரு மரமும் செம்மண் ரோடும் மட்டும்தான் அதில் தெரியும்.

“இதுக்குப் பின்னாடி பச்சைக் கதவு வச்ச டீக்கடை ஒண்ணு இருக்கும்,” என்றான். “டீ உப்புக் கரிக்கும்.”

சொல்லிவிட்டு அவனே கையால் வாயைப் பொத்திக்கொண்டான். எப்படித் தெரியும் என்று அவனுக்கும் தெரியவில்லை. நான் அந்தக் கடையைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. கதவு பச்சைதான். அந்த டீயைப் பாதியில் கீழே ஊற்றினேன். அந்தப் போட்டோவை நாங்கள் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை, கதிரேசனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், இன்றும் குளிர்காலத்தில் சில நாள் அவன் இடது கையைத் தேய்த்துக்கொள்வதைப் பார்க்கிறேன், கேட்பதில்லை.

டிக்கெட், விசா, வேன், பாதிக் கூடாரம், ஊசி எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது ஐம்பத்திரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். அதில் கதிரேசனுக்காகக் கட்டிய முந்நூறும் அடக்கம். கேட்டால், நான்தான் வரவே இல்லையே என்கிறான்.