காசிம் அண்ணனின் மூக்கும் நெஞ்சும்

போடிமெட்டுப் பாதையிலிருந்து ஜீப்பு டிரைவர் போன் செய்தபோது நான் குடோனில் ஏலக்காய் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். "அக்கா, காசிம் பாய் போயிட்டாரு. மூச்சு முட்டுதுன்னாரு. வெரசா எறக்குனேன், பாதி மலகூட தாண்டலக்கா" என்றார். என் கை தானாகவே பைக்குள் மருந்தைத் தேடியது. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். எனக்கும் அதே இளைப்புதான்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்த மூக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஏலத்துக்குப் போகும் சரக்கில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் கசக்கி முகர்வார். புகை ஏறியதா, ஈரத்தோடு கட்டியதா என்று உடனே சொல்லிவிடுவார். முதலாளியே மறுத்துப் பேச மாட்டார். போன மழைக்காலத்தில் குடோன் தூசி ஒத்துக்கொள்ளாமல் அந்த மூக்கு அடைத்துக்கொண்டது. புகை வாடை அடித்த சரக்கை முதல் தரம் என்று அனுப்பிவிட்டார். அன்று பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

நான்தான் என் டாக்டரிடம் அழைத்துப் போனேன். நெஞ்சிலும் இளைப்பு இருக்கிறது என்று சொல்லி, மூக்கில் அடிக்க ஒன்று, தினமும் வாயால் இழுக்க ஒன்று, திடீரென்று இளைத்தால் இழுக்க ஒன்று என்று எழுதித் தந்தார். "முதல் ரெண்டும் ஸ்டீராய்டுதான் பாய். ஆனா மூக்குல அடிக்கிறது மூக்கோட நின்னுரும், நெஞ்சுக்கு எறங்காது. இழுக்கிறத சொகமா இருக்கிற அன்னிக்கும் இழுக்கணும். இழுத்துட்டு வாயக் கொப்பளிச்சுத் துப்பிரணும்" என்றார்.

சில நாளில் மூக்கு திறந்தது. அண்ணனுக்கு அந்த ஸ்பிரே உயிராகிவிட்டது, சட்டைப் பையை விட்டு எடுக்கவே மாட்டார். மற்றதைப் பற்றிக் கேட்டேன். "இழுத்தா ஒண்ணுமே தெரியல தாயி. மூக்கு எனக்குச் சோறு போடுது. நெஞ்சு சும்மா மூச்சுதான விடுது?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மூச்சு நன்றாக இருந்த நாட்களில் நானும் இழுப்பதை விட்டுவிட்டேன்.

புதுக் காய் பார்க்க எஸ்டேட்டுக்குப் போனவருக்கு, காய் உலர்த்தும் அறையின் புகையில் நெஞ்சு இறுகியிருக்கிறது. ஜீப்பில் வரும்போது மூக்கு ஸ்பிரேயை எடுத்து வாய்க்குள் அடித்தாராம், திரும்பத் திரும்ப. "எதுக்கு பாய்னு கேட்டேன், பேச்சு வரல" என்றார் டிரைவர். 

அண்ணன் உடல் கிடந்த மையத்து வீட்டில் மதினி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். நெஞ்சு மருந்துகள் இரண்டும் அதில் இருந்தன. தினமும் இழுக்க வேண்டியதில் இரண்டு முறைக்கான மருந்துதான் குறைந்திருந்தது. "இத எதுக்கும்மா குடுத்தாக?" என்று கேட்டார். நான் கொல்லைப் பக்கம் போய், என் மருந்தை எடுத்து, பல நாள் கழித்து இழுத்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம்தான். அதை நான் விடப்போவதில்லை. காலையில் மருந்தை இழுத்து மூச்சை அடக்கி நிற்கும்போது, "சும்மா மூச்சுதான" என்று அவர் சிரிப்பது கேட்கிறது.

சும்மா இல்லை, அண்ணே.