எட்டு மதிப்பெண் தொடுகோடு

ஒன்பதாம் வகுப்பிலேயே எனக்குத் தொகையீடு, அதாவது இன்டக்ரேஷன், நடத்திவிட்டார்கள். அதற்குத் தேவையான சைன், காஸ் எல்லாம் வழக்கமான பாடத்தில் அதற்குப் பிறகுதான் வந்தது. சோற்றைப் போட்டுவிட்டு இலையைத் தேடும் வேலை. ஆனால் அன்று அப்படிச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, தெம்பும் இல்லை.

எங்கள் ஊர் அரியலூர்ப் பக்கம். பள்ளி பெரம்பலூருக்கு வெளியே. ஒன்பதாவது தொடங்கியதும் ஒரு தேர்வு வைத்து, நன்றாக எழுதிய பிள்ளைகளை மட்டும் பிரித்து, ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்ய ஸ்பெஷல் செக்சன் என்று தனி வகுப்பில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் ஜெனரல். ஜெனரலுக்கு நாலு மணிக்கு மணி அடிக்கும். விளையாட்டு பீரியடும் உண்டு. எங்களுக்கு ஏழு மணி வரை வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை டெஸ்ட். திங்கட்கிழமை மதிப்பெண் வரிசைப்படி எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவோம். முதல் பெஞ்சில் இருப்பவளுக்கு, பின்னால் போய்விடுவோமோ என்று பயம். கடைசி பெஞ்சில் இருப்பவளுக்கு அந்தப் பயம் இல்லை, அவள் அங்கேயே கொஞ்சம் தூங்கிக்கொள்வாள். எனக்கு அவள் மேல் பொறாமை.

அதுவரை எனக்குக் கணக்கு பிடிக்கும். இதைச் சொல்லியாக வேண்டும். எட்டாவதில் ஒரு கணக்கை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்து, மூன்றிலும் ஒரே விடை வந்தால் தனியாகச் சிரித்துக்கொள்ளும் பைத்தியம் நான். ஸ்பெஷல் செக்சனில் சேர்ந்த பிறகு மூன்று விதத்துக்கு நேரம் கிடையாது. ஒரு விதத்துக்கே கிடையாது. எங்களுக்குக் கணக்கு எடுத்தவர் ஆந்திராவிலிருந்து வந்தவர். நல்ல மனிதர், பாவம், அவரும் எப்போதும் கண் சிவந்துதான் இருப்பார். நாலு விடை கொடுத்திருப்பார்கள். எக்ஸுக்குப் பதில் ஒன்றைப் போட்டுப் பார், பூஜ்யத்தைப் போட்டுப் பார், ஒத்துவராததை அடித்துவிடு, மிஞ்சுவதுதான் விடை. இதுதான் அவர் சொல்லிக்கொடுத்த வழி. ஒருநாள் நான் எழுந்து, "சார், இந்த ஃபார்முலா ஏன் இப்படி வருது?" என்று கேட்டேன்.

"ஏன்னு காலேஜ்ல சொல்லுவாங்கம்மா. இப்ப ஃபார்முலா போதும், உக்காரு" என்றார்.

நானும் உட்கார்ந்தேன். காலேஜ் பாடத்தைப் பள்ளியில் நடத்துகிறார்கள், அதற்குக் காரணத்தை மட்டும் காலேஜில் சொல்வார்களாம். அன்றைக்கு இருந்த கலக்கத்தில் அதுவும் நியாயமாகவே பட்டது.

அப்பா லாரி ஓட்டுகிறவர். சுரங்கத்திலிருந்து சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் வண்டி. விடியற்காலை என்னைப் பைக்கில் பள்ளிப் பேருந்து வரும் இடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே வேலைக்குப் போவார். பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் சாய்ந்து தூங்குவேன். விழுந்துவிடாமலிருக்க அவர் ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொள்வார். டீக்கடையில் யாராவது பாப்பா என்ன படிக்குது என்று கேட்டால் போதும். "ஒம்பதாவதுதான். ஆனா காலேஜு கணக்கு போடுது" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் ரொம்ப நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

பத்தாவது பாதியில் திறந்துவிட்டேன்.

"அப்பா, லெவன்த்துல நான் ஜெனரலுக்குப் போயிடறேம்ப்பா. கணக்கு குரூப்புதான் எடுப்பேன். ஆனா ஸ்பெஷல் செக்சன் வேணாம்."

"ஏம் பாப்பா, கஷ்டமா இருக்கா?"

"தூக்கம் வருதுப்பா."

அவர் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா, "புள்ளைக்கி கண்ணெல்லாம் குழி வுழுந்து கெடக்கு, நானும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். அப்பா யோசித்துவிட்டு ஒரு முடிவு சொன்னார். "பப்ளிக்ல கணக்குல நூத்துக்கு நூறு வாங்கிட்டு வா. நீ சொல்ற செக்சன்ல சேத்து வுடறேன். அதுக்கு மேல நான் பேச மாட்டேன்."

எனக்கு அது பெரிய விஷயமே இல்லை. தொகையீடு போடுகிறவளுக்குப் பத்தாவது கணக்கில் நூறு வாங்க என்ன கேடு? அன்றே விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. நாலு மணிக்கு வீட்டுக்கு வருவேன், ஞாயிற்றுக்கிழமை தூங்குவேன், ஒரு கணக்கை மறுபடி மூன்று விதமாகப் போடுவேன் என்றெல்லாம் மனக்கோட்டை கட்டினேன்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் படம் வரைகிற கேள்வி ஒன்று வரும். எட்டு மதிப்பெண். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி கொடுத்து அங்கிருந்து தொடுகோடு வரையச் சொல்வார்கள், இல்லையென்றால் ஒரு முக்கோணம் வரையச் சொல்வார்கள். ஜெனரலில் அதைத் தினமும் வரைய வைத்தார்கள். காலையில் என்னோடு அதே பேருந்தில் வரும் பக்கத்துத் தெருப் பெண் ஜெனரலில் படித்தாள். பேருந்து குலுங்கும்போதுகூட மடியில் நோட்டை வைத்துக்கொண்டு காம்பஸால் வட்டம் போட்டுக்கொண்டிருப்பாள். "எட்டு மார்க்க சும்மா தூக்கிக் குடுக்குறாங்கடி, யாரு வுடுவா" என்பாள். எங்கள் செக்சனில் படமே வரையவில்லை. நுழைவுத் தேர்வில் படம் கேட்க மாட்டார்கள், பிறகு எதற்கு நேரத்தை வீணாக்குவது? பரீட்சைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அம்மா சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போய், என் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் சந்நிதியில் வைத்து வாங்கிவந்தாள். ஜியோமெட்ரி பாக்ஸை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

தேர்வில் தொடுகோடு கேட்டிருந்தார்கள். ஆரம் மூன்று, மையத்திலிருந்து புள்ளியின் தூரம் ஐந்து. பார்த்தவுடனே தொடுகோட்டின் நீளம் நான்கு என்று தெரிந்துவிட்டது. வட்டத்தைப் போட்டேன். ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் புள்ளியை வைத்தேன். அங்கிருந்து ஸ்கேலை வட்டத்தில் உரசுகிற மாதிரி வைத்து, சரியாக நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. பக்கத்தில் கணக்கை எழுதி விடைக்கு அடியில் கோடும் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மிச்ச நேரத்தில் மேசை மேல் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் பக்கத்துத் தெருப் பெண் வினாத்தாளை வைத்துக்கொண்டு அவள் செக்சன் கணக்கு டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நானும் போய் நின்று, நான் வரைந்த விதத்தைச் சொன்னேன். டீச்சர் முகம் மாறிவிட்டது.

"நடுப்புள்ளி கண்டுபுடிச்சியா? அங்கருந்து இன்னொரு வட்டம் போட்டியா?"

"இல்ல டீச்சர். நீளந்தான் தெரிஞ்சிருச்சே. அளந்து போட்டுட்டேன்."

"அளந்து போடறதுக்கா எட்டு மார்க்கு குடுக்குறாங்க? அந்தக் கோடு எங்கருந்து வந்துச்சுன்னு திருத்துறவங்களுக்குத் தெரிய வேணாமாம்மா?" அவர் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

தொண்ணூற்றைந்து வந்தது. பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு மொத்தத்தில் என்னைவிடக் குறைவு, ஆனால் படத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று அவளும் நானும் அடித்துச் சொல்வோம். சொந்தக்காரர்கள், "ஆனைக்கும் அடி சறுக்கும், வுடு" என்று ஆறுதல் சொன்னார்கள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். எனக்கு இன்னும் நப்பாசை. மதிப்பெண் குறைந்துவிட்டது, இவள் ஸ்பெஷலுக்கு லாயக்கில்லை என்று அவர்களே தள்ளிவிட மாட்டார்களா? ஸ்பெஷல் செக்சனைப் பார்த்துக்கொள்கிற சார் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "படத்துல போனதா? அது நமக்குத் தேவையே இல்ல சார். பொண்ணு எங்க கிட்டயே இருக்கட்டும்."

அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். திரும்பும்போது பைக்கில், "ரெண்டே வருசம் பாப்பா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போயிரும்" என்றார். நான் அவர் முதுகில் சாய்ந்து அழுதேன். தூங்குகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. நுழைவுத் தேர்வு எழுதினேன், இடம் கிடைக்கவில்லை. அரியலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் வகையீடு, தொகையீடு. எனக்குள்ளே பழைய ஆசை ஒன்று எட்டிப் பார்த்தது. ஏன் என்பதைக் காலேஜில் சொல்வார்கள் என்றாரே கணக்கு சார், இதோ காலேஜ். பேராசிரியை கரும்பலகையில் ஃபார்முலாவை எழுதினார். "இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிட்டுதான் வந்திருப்பீங்க. நேரா கணக்குக்குப் போயிடுவோம்" என்றார். பக்கத்தில் இருந்தவள் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு அப்பா டிவி முன்னால் ஓய்வாக உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர் வழியே போன கல் லாரி ஒன்று ஏதோ வயலில் இறங்கிவிட்டது, ஓட்டியவர் கண் அசந்துவிட்டாராம். அப்பா அதைச் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட வேண்டும் என்பது அவருடைய முதல் சட்டம். எந்த மேஸ்திரி திட்டினாலும் அதை மீற மாட்டார். பேச்சை மாற்றுவதற்காக என்னைப் பார்த்து, "காலேஜுல இப்ப என்னா பாப்பா நடத்துறாங்க?" என்றார்.

"ஒம்பதாவதுல நடத்துனதுதான்ப்பா."

"அதேவா?"

"அதேதான்."

அவர் வாசலில் நின்ற பைக்கைப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தூக்கம் வந்தா நான் வண்டிய நிப்பாட்டிட்டுப் படுத்துருவேன். நீ வருதுன்னு சொன்ன. ஒன்ன நிப்பாட்ட வுடலையே நானு" என்றார்.

பரவாயில்லப்பா என்று சொல்லியிருக்கலாம். அம்மா தலையணையை எடுத்துப் போட்டாள். நான் அங்கேயே படுத்துக்கொண்டேன். அப்பா எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.