வாயில் நிறுத்திய தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆவணக் காப்பகத்து ஐயா, அம்மா, மணலில் வறுபடும் நிலக்கடலையின் மணம் மூக்கை எட்டுவதற்கு முன்பே அடிவயிற்றை எட்டிவிடும். மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் எங்கள் கடைவீட்டின் பின்கட்டில் அப்பா வறுத்துக் கொட்டிய கடலையை, ஊரார் 'கச்சாங்' என்றழைத்த அதனை, பழைய நாளேடுகளில் பொட்டலம் மடிப்பது பள்ளி விட்டு வந்ததும் எனக்கு விதிக்கப்பட்ட வேலை. அப்போது எனக்குப் பதினொரு வயது. உடம்போ பதினைந்தைக் காட்டியது.

என் நீலப் பள்ளிச் சீருடையின் இடுப்புக் கொக்கி அவ்வாண்டு இறுக ஆரம்பித்தது. "இது பத்தலைன்னா வேற தைக்க வழியில்ல. வீட்லயே இருந்து பொட்டலம் மடி," என்றார் அம்மா. கடலை தின்றால் உடம்பு பெருக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஆகவே நான் வேலைக்கு உட்காருமுன் ஒரு வாய்த் தண்ணீரைக் கொடுத்து வாயிலேயே நிறுத்திக்கொள்ளச் செய்வார். கூடை தீரும்வரை விழுங்கலாகாது; தண்ணீர் போயிருந்தால் கடலையும் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அவ்வப்போது கன்னத்தை ஊதிக் காட்ட வேண்டும்.

"புள்ளைய தண்ணி லாரி மாதிரி உக்கார வச்சிருக்கியே," என்பார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க லா. கொக்கிய மாட்டிவிடுறது நானு."

அந்த மணத்தில் நெடுநேரம் வாய்மூடி அமர்ந்தவள் பொழுது சாய்ந்ததும் மூன்று தட்டுச் சோறு உண்பேன். கொக்கி இன்னும் விலகும். கடலை எப்படியோ உள்ளே போகிறது என்று எண்ணி அம்மா காவலை மேலும் இறுக்குவார். நான் மேலும் பசிப்பேன். வறுக்கும்போதே ஒரு கைப்பிடி மென்றுவிடும் அப்பாவோ இரவில் அரைத் தட்டோடு எழுந்துவிடுவார். அகப்பைக் காம்பு போலிருப்பார். அடுப்புச் சூடு அவரை உருக்குகிறது என்றார் அம்மா. நானும் அதையே நம்பினேன்.

ஒருநாள் அம்மா கடை முகப்பில் இருந்தபோது அப்பா என் உள்ளங்கையில் சூடான கடலையை வைத்தார். தின்ன வேண்டுமானால் தண்ணீரை விழுங்க வேண்டும். கொக்கியை நினைத்துத் தலையசைத்துவிட்டு அதையும் பொட்டலத்தில் போட்டேன். அந்த அடக்கத்தை எண்ணிப் பெருமைப்பட்டேன். அன்றிரவு நான்கு தட்டு.

ஆண்டிறுதியில் அம்மா முழங்காலால் என் முதுகை அழுத்தி இழுத்தும் கொக்கி சேரவில்லை; இழுத்த இழுப்பில் அறுந்தது. புத்தாண்டில் பள்ளி மணியைப் பின்கட்டிலிருந்து கேட்டேன். அதன்பின் நான் கற்ற தமிழ் முழுவதும், மடிக்குமுன் அந்த நாளேடுகளில் படித்தது.

சென்ற மாதம் எங்கள் ஊர்ப்புறத்துக் கெலுகோரில் ஒரு மருந்தகத்தில் என் எடையைப் பார்த்த உணவு ஆலோசகப் பெண் சொன்னார்: "அம்மா, சாயங்காலம் ஒரு கைப்பிடி கச்சாங் சாப்பிடுங்க லா, உப்பு எண்ணெய் இல்லாதது. ராத்திரி அவ்வளவா பசிக்காது. ஆனா கைப்பிடிதான், டப்பாவோட உக்காராதீங்க."

மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் சொன்னபடியே செய்கிறேன்; இரவுச் சோறு தானாகவே ஒரு தட்டுக்கு இறங்கிவிட்டது. கடைவீடு இன்று தங்கும் விடுதி. மணல் சட்டியில்லை, அப்பாவில்லை; இதை அறியாமலே அம்மாவும் போய்விட்டார். கடலையைக் கையில் எடுத்ததும் என் உதடுகள் மட்டும் இன்னமும் தாமாக மூடிக்கொள்கின்றன. இல்லாத அந்தத் தண்ணீரை ஒருமுறை விழுங்கிய பிறகே திறக்கின்றன.

இவ்வெழுத்தைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.