மஞ்சள் பொட்டு வைத்த மெஷின்

சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் பாசிர் கூடாங்கில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்திலிருக்கும் அந்த மின்சாதனக் கடைக்குப் போங்கள். வாங்கும்வரை "அக்கா, அக்கா" என்று காலையே சுற்றி வருவார்கள். வாங்கிய மறுநிமிடம் நம் முகம் அவர்களுக்கு மறந்துபோகும். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை என்று சொல்ல ஆசைதான். கோபத்தில்தான் சொல்கிறேன்.

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன அம்மாவைப் பாலோ ஊரிலிருந்து என்னிடம் கொண்டுவந்து வைத்திருந்தேன். பேம்பர்ஸ் கட்டினால் தொடை வெந்துபோகிறது. அதனால் நனைய நனைய பெட்ஷீட்டை மாற்றுவதுதான். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சில நாள் பொழுது சாயும்போது இன்னொன்று. அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய வாஷிங் மெஷின் புகைவிட்டுச் செத்தது. காசு போட்டு மெஷினில் துவைக்கிற டோபி கடையில் கொண்டுபோய்ப் போடலாமே என்பார்கள். என் கணவர் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மாவைத் தனியே போட்டுவிட்டு நான் டோபி கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதா?

அதனால் ஒரு புது மெஷின் வாங்கினோம். முன்பக்கம் கதவு வைத்த வெள்ளை மெஷின். கடையிலிருந்த விற்பனையாளர் நம் ஆள்தான். "நாளைக்கே வந்திரும்க்கா, நாளைக்கே துவைக்கலாம்," என்றார். வந்தது உண்மைதான். லாரியில் வந்த இருவர் அடுப்படியில் இறக்கிவைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

"எங்க போறீங்க? மாட்டிட்டுப் போங்க."

"நாங்க அனுப்புறது மட்டுந்தான். மாட்டுற ஆள் அடுத்த வாரம் வருவாரு. அதுவரைக்கும் ப்ளக் குத்திராதீங்க. குத்தினா வாரண்டி போயிரும்."

புது மெஷின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அடுப்படியில் உட்கார்ந்திருந்தது. நான் குளியலறையில் குந்திக்கொண்டு பெட்ஷீட்டைக் கசக்கினேன். சவுக்காரம் பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்து எரிந்தது. எரிச்சல் கையில் மட்டுமா?

வெள்ளிக்கிழமை கணவர் வேலை முடிந்து வந்து, குளித்து, பூசைத் தட்டோடு அடுப்படிக்கு வந்தார். எது புதிதாக வந்தாலும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டாமல் அவருக்குக் கை ஓடாது. மோட்டார் சைக்கிளுக்கு வைத்தார், சோற்றுக் குக்கருக்கு வைத்தார், வைஃபை பெட்டிக்குக்கூட வைத்தார். மெஷினுக்கும் மஞ்சளைக் குழைத்து, பொத்தான்கள் இருக்கும் வெள்ளைப் பலகையில் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். நானும் கும்பிட்டேன். 'சாமி, இதையாவது நல்லபடியா ஓட விடு' என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

ஒருவழியாக மாட்டுகிற ஆள் வந்தார். அவரும் தமிழர். குழாயைப் பொருத்தினார், ப்ளக்கைக் குத்தினார், பொத்தானை அழுத்தினார். விளக்கு கண்ணடித்ததோடு சரி. கதவு பூட்டவில்லை. தொட்டி சுற்றவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துவிட்டு, "கதவு லாக் வேலை செய்யல ஆண்ட்டி. கம்பெனியிலிருந்தே கெட்ட பீஸு. மாத்திக் குடுத்திருவாங்க," என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

பிறகு படம் எடுத்து அனுப்புவதற்காகப் பொட்டைத் துடைத்தார். குங்குமம் போனது. மஞ்சள் போகவில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அப்படியே ஊறியிருந்தது. அப்படியே படம் எடுத்து அனுப்பி, வெளியே போய்ப் போனில் பேசிவிட்டுத் திரும்பி வந்தவரின் முகமே சரியில்லை.

"ஆண்ட்டி, ஆபீஸ்ல முடியாதுங்கிறாங்க லா. நீங்க பவுடரு போட்டிருக்கீங்க, அது பட்டன் உள்ள போயிருச்சாம். கஸ்டமர் டேமேஜாம்."

"கதவு பூட்டலன்னு இப்பதானே தம்பி சொன்னீங்க? கதவுலயா பொட்டு வச்சிருக்கு?"

"நான் என்னா செய்யறது ஆண்ட்டி? அவங்க சொல்றத நான் சொல்றேன்."

வாசலில் அவருடைய வேன் நின்றது. கண்ணாடியில் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம், கீழே காய்ந்துபோன எலுமிச்சம்பழம். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆவேசம்!

"உங்க வேனுக்கு இம்புட்டு பூசியிருக்கீங்களே, அது ஓடலயா? இங்கேருந்து தள்ளிக்கிட்டா போகப் போறீங்க?"

"வேன் வேற ஆண்ட்டி," என்று முணுமுணுத்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு கம்பெனிக்குப் போன். மலாய்க்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து, பாட்டைக் கேள். பாட்டு முடிந்து ஒரு பெண் வருவாள், முழுக் கதையையும் கேட்பாள், வேறு பிரிவுக்கு மாற்றுகிறேன் என்பாள், மறுபடியும் பாட்டு. வீட்டில் கணவரிடம் பேச்சை நிறுத்தினேன். "நல்லதுக்குத்தானே வச்சேன்," என்று அவர் சொல்லும்போதெல்லாம் அந்த மஞ்சள் கிண்ணத்தை எடுத்து எறியலாம் போலிருந்தது.

இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மத்தியானம் பெட்ஷீட்டை மாற்றப் போனேன். காய்ந்திருந்தது. காலையில் வைத்த தண்ணீர்க் குவளையும் நிறைந்தபடியே இருந்தது. அம்மாவின் உதடு வெடித்து, நாக்கு வறண்டு, கண் உள்ளே போயிருந்தது.

"ஏம்மா தண்ணி குடிக்கல?"

"வேணாம் பாப்பா. குடிச்சா நனைஞ்சிரும். நீதானே துவைக்கணும்."

கரண்டியால் ஊட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டார். தண்ணீர் தாடையில் வழிந்து தலையணையில் இறங்கியது. பாவிகளா, படுத்த படுக்கையிலிருக்கும் மனுஷி தண்ணீர்கூடக் குடிக்கப் பயப்படுகிறாளே!

கணவரை அம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, வாளியில் ஊறிக்கொண்டிருந்த காலைப் பெட்ஷீட்டைப் பிழியாமலேயே பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அதே விற்பனையாளர், அதே சிரிப்பு. "வாங்கக்கா, டீவி பாக்க வந்தீங்களா?" வாசலருகே எங்கள் மெஷினைப் போலவே ஒன்று, பளபளவென்று. அதன் கதவைத் திறந்து பெட்ஷீட்டை உள்ளே திணித்தேன். தரையெல்லாம் சொட்டியது. நாற்றம் குளிர்சாதனக் காற்றில் கடை முழுக்கப் பரவியது. அடுப்பு பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறியது.

"அலமாக்! அக்கா, என்னாக்கா இது?"

"எங்கம்மாவோட மூத்திரத் துணி. நாளைக்கே துவைக்கலாம்னு சொன்னீங்கல்ல? இப்ப இதுல போட்டுத் துவைச்சுக் குடுங்க. தெனம் கொண்டாறேன்."

அவர் சிரிப்பு அப்போதுதான் நின்றது. உள்ளேயிருந்து மேனேஜர் ஓடி வந்தார். இத்தனை நாள் எந்தப் பிரிவிலும் இல்லாத பதில் அவர் வாயில் உடனே இருந்தது. மஞ்சளாவது, பவுடராவது, கஸ்டமர் டேமேஜாவது! நாளைக் காலையில் வேறு மெஷின், மாட்டுகிற ஆளும் கூடவே வருவார் என்று மலாயில் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அப்படியானால் இது முதல் நாளே முடித்திருக்கக்கூடிய காரியம்தான். நாறினால்தான் இவர்களுக்கு மூக்கு வேலை செய்யும்.

மறுநாள் வந்தது. மாட்டினார்கள். கணவர் பழக்கதோஷத்தில் தட்டோடு வந்தார். நான் பார்த்த பார்வையில் சாமியறைக்கே திரும்பிப் போனார். பெட்ஷீட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். கதவு பூட்டியது, தண்ணீர் இறங்கியது, தொட்டி சுற்றியது. குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, சத்தம் கேக்குதா? மெஷினு ஓடுதும்மா. இனிமே எனக்கு வேலையே இல்ல. நல்லா குடி."

அம்மா கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டார். ஒரு வாய் மட்டும் நனைத்துக்கொண்டு, விளங்காத கையை விட்டுவிட்டு, நல்ல கையால் குவளையைத் தள்ளினார்.

"போதும் பாப்பா. புது மெஷினு. ரொம்ப வேல வச்சா இதுவும் கெட்டுப் போயிரும்."

அதற்குமேல் எவ்வளவு கெஞ்சியும் அவர் வாயைத் திறக்கவில்லை.